பேழை செய்த பரம்பரை: இலண்டன் ஈமத்தொழிற் குடும்பங்களின் வரலாறு

இலண்டன் மாநகரில் செயின்ட் ஜேம்ஸ் வீதி அரண்மனை வாயிலில் சென்று முடிகிறது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வீதியில் பான்டிங் என்னும் குடும்பத்தாரின் கடை இருந்தது. மெத்தையிட்ட நாற்காலிகளும், கட்டில்களும், பட்டுத் திரைச்சீலைகளும் அங்கே செய்யப்பட்டன. பிரான்ஸ் அண்டு பான்டிங் என்ற கூட்டுப் பெயரில் அரண்மனைக்கு அறைகலன் வழங்கியவர்கள் அவர்கள். அரண்மனையில் ஒருவர் கண்மூடினாலும் இக்கடைக்கே ஆள் வரும். உறங்கும் கட்டிலைச் செய்து தந்த கைகளே உறங்கிப் போனவருக்குப் பேழையும் செய்து தந்தன. 1820இல் மூன்றாம் ஜார்ஜ், 1830இல் நான்காம் ஜார்ஜ், 1861இல் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட், 1901இல் விக்டோரியா, 1910இல் ஏழாம் எட்வர்ட் என ஒரே குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள் ஓர் அரசகுலத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளை மண்ணில் இறக்கின. மன்னர் வரலாறு கூறும் நூல்கள் இக்குடும்பத்தைப் பற்றி ஓரிரு வரிக்கு மேல் கூறுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் சாவை எவர் கையில் ஒப்படைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு இத்தகைய கடைகளின் வரலாறு அரிய சான்றாகும்.

இத்தொழில் பழமையானதன்று. பிணத்தைக் கழுவி உடுத்தும் பணியை அண்டை வீட்டு மூதாட்டியரே செய்துவந்த காலம் இங்கிலாந்தில் நெடுநாள் நீடித்தது. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியே பிணத்தையும் கிடத்தி ஒழுங்கு செய்வாள். ஊர்த் தச்சர் பெட்டி செய்வார். கோயிலைச் சார்ந்தவர் குழி தோண்டுவார். பிரபுக்களின் சாவு மட்டும் வேறு. அவர்களுடைய ஊர்வலத்தில் எந்தக் கொடி முன்செல்ல வேண்டும், யார் எத்தனை முழம் கறுப்புத் துணி அணியலாம் என்பதையெல்லாம் வகுத்து நடத்தியவர்கள் குலச்சின்னக் கழகத்தின் அதிகாரிகள். அவர்களின் கட்டணமும் கட்டுப்பாடும் மிகுந்தன. செல்வமிருந்தும் குலச்சின்னம் இல்லாத வணிகர்கள் நகரில் பெருகியபோது, அதே ஆடம்பரத்தை விலைக்குத் தர முன்வந்த கடைக்காரர்கள் தோன்றினர். 1680களில் வில்லியம் ரஸ்ஸல் என்ற இலண்டன் கைவினைஞர் அக்கழகத்தோடு உடன்படிக்கையே செய்துகொண்டு, தாம் நடத்தும் சவ ஊர்வலங்களுக்கு அதன் அதிகாரிகளை வருவித்தார். எல்லாவற்றையும் 'ஏற்று நடத்துபவர்' என்ற பொருளில் 'அண்டர்டேக்கர்' என்னும் சொல் இத்தொழிலோர்க்கு நிலைத்தது. எதை ஏற்கிறார் என்று சொல்லாமலே விட்டுவிடும் சொல் அது. 1701இல் ரிச்சர்டு ஸ்டீல் எழுதிய நகைச்சுவை நாடகமொன்று இவர்களைக் கேலிப்பொருளாக்கியது. தோன்றிச் சில பத்தாண்டுகளுக்குள் நாடக மேடையில் நகைக்கப்படும் அளவுக்கு ஒரு தொழில் வேரூன்றிவிட்டது.

அரசும் தன் பங்குக்கு இதில் கை நுழைத்தது. கம்பளி வணிகத்தைக் காக்கும்பொருட்டு, ஆங்கிலேயக் கம்பளித் துணி தவிர வேறு துணியில் பிணத்தைப் பொதியக் கூடாதென 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டங்கள் செய்யப்பட்டன. மீறினால் 5 பவுன் தண்டம். வசதியுள்ளோர் தண்டத்தைக் கட்டிவிட்டு மெல்லிய துணியிலேயே சென்றனர். 1814இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஈமத்தொழிலோர் மூன்று கிளைகளிலிருந்து வந்தனர் எனலாம்: தச்சர், மெத்தை தைப்போர், துணி வணிகர். பேழையின் அமைப்பே இதற்குச் சான்று. உயர்குடியினரின் பேழை மூன்று அடுக்கு கொண்டது. உள்ளே இலேசான மரப்பெட்டி. அதைச் சுற்றி ஈயத் தகடு பொதிந்து காற்றுப் புகாமல் பற்றவைத்த இரண்டாம் பெட்டி. அதற்கு வெளியே மூன்றாவதாக ஒரு மரப்பேழை. இந்த மூன்றாவதன் மேல் வெல்வெட் துணியை இழுத்துப் பொதிந்து, பித்தளை ஆணிகளை வரிசை வரிசையாக அறைந்து கோலம் அமைப்பர். மரம் தச்சரின் வேலை, ஈயம் பற்றவைப்பவரின் வேலை, துணியும் ஆணியும் மெத்தை தைப்பவரின் வேலை. நாற்காலிக்கு உறையிட்ட கை பேழைக்கு உறையிடுவதில் தடையொன்றும் இருக்கவில்லை. எளியோர்க்கு எல்ம் மரத்தில் ஒற்றைப் பெட்டி. கைப்பிடிகளும் பெயர்த்தகடுகளும் பெரும்பாலும் பர்மிங்காம் நகரிலிருந்து வந்தன. அங்கே 1882இல் தொடங்கிய நியூமன் சகோதரர் பட்டறை, ஜோசப் சேம்பர்லேன் முதல் வின்ஸ்டன் சர்ச்சில் வரை பலரின் பேழைகளுக்கு உலோக அணிகள் வார்த்துத் தந்து, 1998இல் மூடப்பட்டது. 2014 முதல் அப்பட்டறை அருங்காட்சியகமாக விளங்குகிறது. பேழைக் கைப்பிடி என்பது ஒரு நாள் பார்வைக்கு மட்டுமே செய்யப்படும் பொருள். மறுநாள் மண்ணுக்குள் போய்விடும். அதற்கு இத்தனை நுணுக்கமா என்று வியப்பதற்குரிய இடம் அது.

தந்தை செய்த தொழிலை மகன் செய்ததற்குக் காரணம் எளியது. கடையின் பின்கட்டில் பட்டறை, மேல்மாடியில் குடியிருப்பு. சிறுவன் ஆணி பொறுக்கி வளர்வான், பிறகு உட்பொதி தைப்பான், மீசை முளைத்ததும் கறுப்புத் தொப்பி அணிந்து ஊர்வலத்தின் முன் நடப்பான். துக்க வீட்டில் எப்படிப் பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பது எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாத கல்வி. தமிழ் வாசகர் இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க இயலாது. தமிழகத்தில் பறையறைந்து, குழி தோண்டி, சிதை அடுக்கும் பணி பிறப்பின் பெயரால் சிலர் தலையில் சுமத்தப்பட்டது. அப்பணியையே காரணமாகக் காட்டி அவர்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இலண்டனிலும் தொழில் பிறப்பு வழியே வந்தது. ஆனால் அங்கே அது சொத்தாக வந்தது. விற்கலாம், விட்டு விலகலாம், அரண்மனை வாயிலில் பெயர்ப்பலகையும் தொங்கவிடலாம். 'பரம்பரை' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு நாடுகளிலும் பொருள் ஒன்றன்று.

அரச குடும்பத்தின் ஈமம் புகழ் தந்தது. ஆனால் தொழிலை வளர்த்தது ஏழையின் அச்சம். 1832இல் வந்த உடற்கூற்றுச் சட்டம், ஏழை விடுதிகளில் உரிமை கோருவாரின்றி இறந்தோரின் உடல்களை மருத்துவப் பள்ளிகளின் அறுவை மேசைக்கு அனுப்ப வழி செய்தது. முன்பு கொலைக் குற்றவாளிக்குத் தண்டனையாக இருந்தது இப்போது வறுமைக்குத் தண்டனையாயிற்று. பொதுச் செலவில் அடக்கம் செய்யப்படுவது குடும்பத்துக்கே தீராத பழி என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது. பிள்ளைக்குப் பால் வாங்காவிட்டாலும் அடக்கச் சங்கத்துக்கு வாரந்தோறும் சில பென்னி கட்டினார்கள். சாவு நேர்ந்ததும் அத்தொகை முழுதும் ஈமக் கடைக்காரரிடம் சென்றது. கூலிக்கு வாசலில் கறுப்புடை அணிந்து வாய்திறவாது நிற்கும் ஆட்கள், தலையில் இறகுப் பலகை சுமப்போர், நெருப்புக்கோழி இறகு சூடிய கறுப்புக் குதிரைகள் எனப் பட்டியல் நீண்டது. இவையெல்லாம் பிரபுக்களின் பழைய ஊர்வலத்தில் கொடி பிடித்தோரும் வாயில் காத்தோரும் தேய்ந்து எஞ்சிய நிழல்களே. காசு கொடுத்தவருக்கு அதன் பொருள் தெரியாது. காசு வாங்கியவருக்கும் தெரியாது.

1843இல் எட்வின் சாட்விக் நகர அடக்கங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆண்டுதோறும் 40 முதல் 50 இலட்சம் பவுன் வரை புதைகுழியில் கொட்டப்படுவதாக அவர் கணக்கிட்டார். வறியவர் ஒற்றையறை வீட்டில், அடக்கத்துக்குப் பணம் திரளும் வரை பல நாள்கள் பிணத்தோடு குடியிருந்த கொடுமையையும் அவர் பதிவு செய்தார். ஈமப் பணியை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. 1850இல் அதற்கேற்ப இலண்டனுக்கு ஒரு சட்டமும் வந்தது. தொழிலோரின் எதிர்ப்பும் கருவூலத்தின் தயக்கமும் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் அச்சட்டம் கைவிடப்பட்டது. 1852ஆம் ஆண்டின் அடக்கச் சட்டம் நிரம்பி வழிந்த நகர இடுகாடுகளை மூடவும் புறநகரில் புதியன அமைக்கவும் மட்டும் வழி செய்தது. கடைகள் பிழைத்தன. சாவுக்கு விலை வைக்கும் உரிமை குடும்பங்களிடமே நின்றது.

இடுகாடு புறநகருக்குப் போனதும் ஊர்தி இன்றியமையாததாயிற்று. இலண்டனில் முதன்முதலாக ஆம்னிபஸ் ஓட்டிய ஜார்ஜ் ஷில்லிபீர் பிற்காலத்தில் ஈமத்தொழிலில் இறங்கி, பேழையையும் உறவினரையும் ஒரே வண்டியில் ஏற்றும் சிக்கன ஊர்தி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1854இல் வாட்டர்லூ அருகிலிருந்து புரூக்வுட் இடுகாட்டுக்குத் தனி இரயிலே ஓடத் தொடங்கியது. அதில் இறந்தவருக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. உறவினருக்குப் போகவர ஒரு சீட்டு; பேழைக்கு ஒருவழிச் சீட்டு மட்டும். 1941இல் போர்க்கால விமானக் குண்டுவீச்சில் அதன் நிலையம் அழியும் வரை அச்சேவை நீடித்தது.

பான்டிங் குடும்பம் நடத்திய ஈமங்களுள் பெரியது 1852 நவம்பர் 18 அன்று நடந்த வெலிங்டன் கோமகனின் அடக்கம். அவர் இறந்தது செப்டம்பர் 14. நாடாளுமன்றம் கூடிச் செலவுக்கு ஒப்புதல் தரும் வரை இரண்டு மாதம் உடல் காத்திருந்தது. செல்சியில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது நெரிசலில் சிலர் மாண்டனர். பேழை, காவல், துணி, ஒழுங்கு ஆகியவை பான்டிங் வசம் இருந்தன. ஆனால் ஊர்தியை வடிவமைக்கும் பொறுப்பைக் கலைத்துறையார் எடுத்துக்கொண்டனர். ஆல்பர்ட் இளவரசரின் ஊக்கத்தில் ஹென்றி கோல், ரிச்சர்டு ரெட்கிரேவ், ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் செம்பர் ஆகியோர் கூடித் திட்டமிட்டனர். ஏறத்தாழ மூன்று வாரத்தில், பல வார்ப்படச் சாலைகளில் இரவும் பகலும் உழைத்து, சுமார் 18 டன் எடையுள்ள வெண்கல ஊர்தி வார்க்கப்பட்டது. வாட்டர்லூவில் கைப்பற்றிய பிரெஞ்சுப் பீரங்கிகளின் உலோகம் அதில் கலந்தது என்பர். பன்னிரண்டு பெரிய கறுப்புக் குதிரைகள் இழுத்தும், மால் சாலையில் ஊர்தியின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. போலீசாரும் கூடி இழுக்க வேண்டியதாயிற்று. செயின்ட் பால் பேராலய வாயிலை அடைந்ததும் பேழையை இறக்கும் பொறி இயங்கவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கானோர் குளிரில் காத்திருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் கோமகன் வாயிலிலேயே நின்றார்.

சோழன் கிள்ளிவளவன் மாய்ந்தபோது ஐயூர் முடவனார் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய புறப்பாட்டு (228) இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வளவு பெரிய மன்னனுக்கேற்ற தாழியை வனைய வேண்டுமானால் நிலமே திகிரியாகவும் மலையே மண்ணாகவும் வேண்டும். அது உன்னால் ஆகுமோ என்று புலவர் அந்த எளிய தொழிலாளிக்காக இரங்கினார். ஆகாது என்பதே பாட்டின் உயிர். இலண்டன் குழுவினர் ஆகும் என்று நம்பிச் செய்து பார்த்துவிட்டனர். அவ்வூர்தி நெடுங்காலம் செயின்ட் பால் பேராலய நிலவறையில் கிடந்து, பின்னர் வெலிங்டன் குடும்பத்தின் ஊரகமாளிகைக்குச் சென்றது. அடக்கத்தையொட்டி அரசவைக் கவிஞர் டென்னிசன் ஓர் இரங்கற்பா வெளியிட்டார். இரண்டில் எளிதாக நகர்ந்தது பாட்டே.

அதே மாத இறுதியில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் வார இதழில் 'சாவு வணிகம்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். ஊர்வலம் காணச் சன்னல்களும் இருக்கைகளும் வாடகைக்கு விடப்பட்டதையும், கோமகனின் கையெழுத்துக் கடிதங்களுக்குச் செய்தித்தாள்களில் விலை கூறப்பட்டதையும் அவர் விளம்பரங்களைக் கொண்டே அம்பலப்படுத்தினார். ஈமக் கடைக்காரர்கள் அவருடைய நாவல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றனர். அனாதைச் சிறுவன் ஆலிவர் டுவிஸ்ட் முதலில் வேலைக்கு விடப்படுவது ஓர் ஈமக் கடையில்தான். அவன் முகத்தில் உள்ள சோகம் தொழிலுக்கு உதவும் என்று கண்ட கடைக்காரர், குழந்தைகளின் அடக்கத்தில் வாய்திறவாது நிற்கும் வேலையை அவனுக்குத் தருகிறார். பசியால் வந்த வாட்டத்தைப் பிறர் துக்கத்துக்கு வாடகைக்கு விடுகிறார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் வரும் ஓமர் வேறு மாதிரியானவர். நல்லவர், மூச்சிரைப்பவர். நோயுற்றவரை நலம் விசாரித்தால் தொழில் நோக்கில் கேட்பதாகக் கருதுவார்களே என்று கூசுபவர். ஈமத்தொழிலோரின் மனத்துயரம் ஒன்றை டிக்கன்ஸ் அங்கே தொட்டுவிட்டார். அவர் தம் உயிலில், தம் அடக்கம் ஆடம்பரமின்றி நடக்க வேண்டும், வருவோர் துக்கத் துண்டோ கறுப்புப் பட்டையோ அணியக் கூடாது என்று எழுதிவைத்தார். 1870 ஜூன் 14 காலையில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் மிகச் சிலர் சூழ அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பான்டிங் குடும்பத்தின் பெயரை உலகறியச் செய்தது ஈமத்தொழில் அன்று, பருத்த வயிறு. வில்லியம் பான்டிங் 66 வயதில் 5 அடி 5 அங்குல உயரமும் 202 பவுண்டு எடையும் கொண்டிருந்தார். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட இயலவில்லை. மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பியே இறங்கினார். செவிப்புலன் குறைந்தது என்று வில்லியம் ஹார்வி என்னும் செவி மருத்துவரிடம் சென்றார். அவரோ ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர், பால், வெண்ணெய் ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. 1863இல் தம் பட்டறிவை 'உடற்பருமன் குறித்த கடிதம்' என்ற சிறு நூலாகத் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவர் பலர் எள்ளினர். மக்கள் வாங்கிக் குவித்தனர். அவருடைய குலப்பெயரே உணவு குறைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் அவ்வினை வழங்குகிறது. வாழ்நாளெல்லாம் பேழைக்கு அளவெடுத்தவர் தம் உடலை அளந்து எழுதிய குறிப்பு அது என்ற எண்ணத்தோடு படித்தால், அச்சிறு நூல் வேறு சுவை தரும். 1878இல் அவர் இறந்து புரோம்ப்டன் இடுகாட்டில் அடக்கமானார்.

1901 ஜனவரி 22 அன்று விக்டோரியா ஒயிட் தீவின் ஆஸ்போர்ன் மாளிகையில் காலமானார். நாற்பதாண்டு கறுப்புடுத்திய அரசி தம் ஈமம் வெண்ணிறமாகவும், படைவீரர்க்குரிய முறையிலும் நடக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். ஆல்பர்ட்டின் மேலங்கி, அவர் கையின் வார்ப்பு, பணியாளர் ஜான் பிரவுனின் படமும் தலைமயிரும் ஆகியவற்றைப் பேழைக்குள் வைக்கும் இரகசியக் கட்டளையை மருத்துவர் ஜேம்ஸ் ரீடு நிறைவேற்றினார். மூடப்படும் முன் பேழையினுள் பார்ப்பவர் மிகச் சிலர். அவர்கள் கண்டதைப் பேசாதிருப்பதே இத்தொழிலின் முதல் ஒழுக்கம். பிப்ரவரி 2 அன்று வின்ட்சர் நிலையத்தில் பீரங்கி வண்டியை இழுக்கவேண்டிய குதிரைகள் குளிரில் மிரண்டு கடிவாள வார்களை அறுத்துக்கொண்டன. அருகில் நின்ற கடற்படையினர் கயிறு பிடித்து இழுத்தனர். அன்று விபத்தாக நேர்ந்தது அடுத்த மன்னர் முதல் மரபாகிவிட்டது. சடங்குகள் பெரும்பாலும் இவ்வாறே பிறக்கின்றன போலும்.

எரியூட்டல் அந்நாட்டில் நெடுங்காலம் நினைத்துப் பார்க்கப்படாத ஒன்று. 1833இல் பிரிஸ்டலில் இறந்த இராஜா ராம்மோகன் ராயும், 1846இல் இலண்டனில் இறந்த, இரவீந்திரநாதரின் பாட்டனார் துவாரகாநாத் தாகூரும் அங்கே புதைக்கவே பட்டனர். 1874இல் மருத்துவர் ஹென்றி தாம்சன் எரியூட்டற் கழகம் தொடங்கினார். 1885இல் வோக்கிங் நகரில் முதல் எரியூட்டல் நடந்தது. 1968இல் எரிக்கப்படுவோர் தொகை புதைக்கப்படுவோர் தொகையை மிஞ்சியது. மூன்றடுக்குப் பேழைக்கு வேலையில்லாது போயிற்று.

இறகுகளையும் வாய்திறவா ஆட்களையும் முற்றாக ஒழித்தது சீர்திருத்தம் அன்று. முதல் உலகப் போர். இலட்சக்கணக்கான மைந்தர் அயல் மண்ணில் புதைக்கப்பட்டு, எந்த உடலும் தாயகம் திரும்பாது என்று அரசு முடிவு செய்தபின், பக்கத்துத் தெருவில் இறந்த முதியவருக்கு ஆறு குதிரை பூட்ட எவருக்கும் மனம் வரவில்லை. திரும்பி வந்த ஒரே உடல் பெயரறியா வீரருடையது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை ஓக் மரத்தில் செய்த பேழையை 1905இல் அமைந்த ஈமத்தொழிலோர் சங்கம் அளித்தது. அச்சங்கத்தார் இருவர் கடல் கடந்து பூலோன் துறைமுகம் சென்று அவ்வுடலைப் பேழையில் வைத்தனர். 1920 நவம்பர் 11 அன்று அது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கமாயிற்று. இத்தொழிலின் நீண்ட வரலாற்றில் எவரும் விலை கேட்காத ஈமம் அது. 1935இல் அச்சங்கம் பழைய பெயரை விடுத்து 'ஈம இயக்குநர்' என்ற புதுப்பெயர் சூடிக்கொண்டது.

1928இல் வில்லியம் வெஸ்ட்போர்ட் பான்டிங் ஓய்வு பெற்றார். அத்துடன் அக்குடும்பத்தின் அரச ஈமப்பணி முடிவுற்றது. அடுத்து வந்தது கென்யன் குடும்பம். 1880இல் ஜேம்ஸ் ஹரால்டு கென்யன் தொடங்கிய நிறுவனம் அது. 1906இல் சாலிஸ்பரி நகரில் இரயில் கவிழ்ந்து 28 பேர் மாண்டனர். கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கப் பயணிகள் பலர் அதில் இருந்தனர். சிதைந்த உடல்களை அடையாளம் கண்டு சொந்த நாட்டுக்கு அனுப்பும் பணி கென்யனின் மைந்தர்களிடம் வந்தது. அன்று கற்றதைக் கொண்டு அக்குடும்பம் விமான விபத்துகளிலும் பேரழிவுகளிலும் உலகெங்கும் அழைக்கப்பட்டது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோரையும், 1965இல் சர்ச்சிலையும் அடக்கம் செய்தவர்கள் அவர்களே. எனினும் இக்குடும்பத்தின் பெருமை அரண்மனையில் இல்லை. எவரென்றே தெரியாத உடலுக்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுத்த பொறுமையில் இருக்கிறது.

1980களில் இத்தொழிலில் பங்குச்சந்தைக் காற்று வீசியது. பர்மிங்காமில் ஐந்தாம் தலைமுறைக்காரரான ஹோவர்டு ஹாட்ஜ்சன் தந்தையின் நிறுவனத்தை 1975இல் விலைக்கு வாங்கி, சிறு குடும்பக் கடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1986இல் பங்குகளாக விற்றார். 1989இல் அது கென்யனோடும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடும் இணைந்தது. 1992இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு, சாவையும் செல்வத்தையும் ஒரே சொல்லில் பிணைத்து நகையாடுவது. அந்த நகைச்சுவையைப் பழைய கடைக்காரர்கள் இரசித்திருக்க மாட்டார்கள். விற்கப்பட்ட கடைகளின் பெயர்ப்பலகைகள் பல ஊர்களில் அப்படியே தொங்கின. குடும்பம் போய்விட்டது, பெயர் நின்றது. பாட்டனைப் புதைத்தவரின் பேரனிடம் செல்வதாக நினைத்து மக்கள் அக்கதவைத் தட்டினர். உள்ளே இருந்தது எங்கோ உள்ள பங்குதாரர்களின் அலுவலகம். விலைப்பட்டியலை எல்லோரும் காண வைக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தது 2021இல்தான். சாட்விக் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 178 ஆண்டுகள்.

இக்காற்றில் அசையாது நின்ற குடும்பங்களுள் ஒன்று லெவர்ட்டன். டெவன் பகுதியிலிருந்து இலண்டன் வந்து குடியேறிய தச்சர் குடும்பம் அது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டே தங்கள் தொழிலின் தொடக்கம் என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். காம்டன் வட்டாரத்தின் எளிய மக்களுக்குப் பெட்டி செய்து வளர்ந்த கடை. 1950இல் ஜார்ஜ் ஆர்வெல் இறந்தபோது அவர் ஈமத்தை நடத்தியவர்கள் இவர்களே. எளிமையை எழுத்திலும் வாழ்விலும் போற்றியவருக்கு அக்கடை பொருந்தியதுதான். 1991இல் அரச ஈமப்பணி இவர்களிடம் வந்தது. 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிசுக்குப் பறந்து டயானாவின் உடலைக் கொண்டுவந்தார்கள். 2002இல் அரசியின் அன்னை, 2013இல் மார்கரெட் தாட்சர், 2021இல் இளவரசர் பிலிப் என வரிசை தொடர்ந்தது.

1991இல் பொறுப்பு கைமாறியபோது முந்தைய நிறுவனத்திடமிருந்து லெவர்ட்டன் குடும்பத்துக்கு வந்தவற்றுள் ஒரு பேழையும் இருந்தது. ஆங்கில ஓக் மரத்தில் செய்து, உள்ளே ஈயம் பொதிந்தது. அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு உரியது. யார் செய்தது, எப்போது செய்தது என்பன பழைய ஏடுகளோடு போய்விட்டன. அரசி 65 வயதில் நாடு நாடாகப் பயணம் செய்து, நாடாளுமன்றங்களைத் திறந்து, பேரப்பிள்ளைகளின் திருமணம் கண்டுகொண்டிருந்த 31 ஆண்டுகளும் அப்பேழை காத்திருந்தது. அதைக் காத்தவர்கள் அன்றாடம் காம்டனின் கடைக்காரர்களையும் ஆசிரியர்களையும் ஓட்டுநர்களையும் அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

2022 செப்டம்பர் 8 அன்று அரசி பால்மோரலில் காலமானார். 11ஆம் நாள் பேழை எடின்பரோவுக்குப் பயணப்பட்டது. ஊர்தியை அளித்தது ஸ்காட்லாந்தின் மற்றொரு பழைய ஈமக் குடும்பம். உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்தியின் கண்ணாடிச் சன்னலில் நிறுவனத்தின் பெயர் சிறிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எல்லா ஈமங்களிலும் ஒட்டுவது போலவே ஒட்டியது. அரசியின் சாவில் விளம்பரமா என்று கண்டனம் எழுந்தது. எழுத்துகள் விரைவிலேயே அகற்றப்பட்டன. 19ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரிலும் வின்ட்சரிலும் பேழையைச் சுமந்த காவற்படை வீரர்களும், பீரங்கி வண்டியை இழுத்த 142 கடற்படையினரும் எல்லாப் படங்களிலும் இடம்பெற்றனர். லெவர்ட்டன் குடும்பத்தார் ஓரமாகக் கறுப்புத் தொப்பியுடன் நடந்தனர்.